சுரங்கக் கவர்களைப் பற்றி நிலந்தரு தேவியார் விடுத்த ஓலை

திரு நிலைக்க. ஏழூற்று நாடுடையவரும் கருங்குன்றம் எறிந்து வென்றவருமான நிலந்தரு தேவியார், குறும்பொறை நாடாளும் வேள் அருமன் ஏந்தலுக்கு விடுக்கும் திருமுகம். தங்கள் மலைமேல் மழை பொய்யாதிருக்க. தங்கள் ஆநிரை பெருகுக. தங்கள் வாயில்களில் அழுகுரல் கேளாதிருக்க.

எம் கணியன் வேட்டனை அழைத்துவரத் தாங்கள் ஏவிய தூதன் நன்னாகன் அவனுக்கு இழைத்ததையும், அதற்கு முன் அவன் பட்டதையும் தாங்கள் அறிதல் தகும்.

கலகக்காரர் கருங்குன்றக் கோட்டையைப் பற்றி, தலைநகருக்கு நீர் தரும் ஊற்றை அடைத்தபோது, நகரில் நான்கு நாளுக்கான நீரே எஞ்சியிருந்தது. உள்ளே புக ஒரே சுரங்கம். பாதை பிளக்கும் பத்துக் கவர்களில் இரண்டிரண்டாய்ப் பிரிந்து ஆயிரத்து இருபத்து நான்கு முனைகளில் அது முடியும். ஒரு முனையே கோட்டைக்குள் திறக்கும். மற்றவற்றில் மிதித்தவன் தலைமேல் பாறை இறங்கும். நாளுக்கு ஒருவராய்ச் சோதித்தால் ஏறக்குறைய மூன்றாண்டு செல்லும்.

வேட்டன் தவளை முட்டையைப் பெருக்கிக் காட்டும் பளிங்குச் சில்லால் பார்த்துப் பழகியவன். ஓர் உயிர்த்துளி இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்தே பிளவில் ஆயிரத்தைக் கடப்பதைக் கண்டவன். படையும் ஒவ்வொரு கவரிலும் சரிபாதியாய்ப் பிரிந்தால் ஒரு காலைப்பொழுதில் எல்லா முனைகளையும் தொட்டுவிடலாம் என்று அவன் விண்ணப்பித்தான். அவ்வாறே செய்க என்று ஆணையிட்டது தேவியாரே. அப்பழியை அவர் பிறர்மேல் ஏற்றுவதில்லை.

வரிசையில் அவன் தம்பி தித்தனும் நின்றான். "அண்ணா, நான் எந்தப் பக்கம் திரும்பட்டும்?" என்று கேட்டான். "எந்தப் பக்கமானால் என்ன, தம்பி? எல்லாப் பக்கமும் ஒருவன் போய்த்தான் ஆக வேண்டும்" என்றான் வேட்டன்.

ஆயிரத்து இருபத்து நான்கு பேர் புகுந்தார்கள். சுரங்க வாயிலில் காதை வைத்து வேட்டன் பாறை விழும் ஓசைகளை எண்ணினான். நானூற்றுக்கு மேல் எண்ண இயலாமல் மண்ணில் முகம் புதைத்தான். கோட்டைக்குள் புகுந்த ஒற்றை வீரன் மாசாத்தன் காவலர் மூவரின் கழுத்தை அறுத்துக் கதவைத் திறந்தான். எம் குதிரைப்படை உள்ளே பாய்ந்து, ஆயுதத்தைக் கீழே போட்டவரையும் விடாமல் வெட்டிற்று. ஊற்று திறந்தபோது முதலில் வந்த நீர் சிவப்பாயிருந்தது. நகரம் அதையும் குடித்தது. தித்தனின் உடலைப் பாறைக்கு அடியிலிருந்து முழுதாய் எடுக்க முடியவில்லை.

வெற்றி விழாவில் வேட்டன் தேவியார் முன் வீழ்ந்து, தவளைக்குப் பிளவு பெருக்கம், படைக்குப் பிளவு தேய்வு என்பதைத் தான் மறந்ததாயும், காலம் சுருங்கியதேயன்றி வேலை சுருங்கவில்லை என்றும், அவ்வேலை முழுதையும் உடல்கள் சுமந்தன என்றும் கதறினான்.

தங்கள் பகைவர் கோட்டைச் சுரங்கத்துக்குக் கவர்கள் இருபது என்று நன்னாகன் வந்து சொன்னான். அதற்குப் பத்து இலட்சத்து நாற்பத்தெட்டாயிரம் பேருக்கு மேல் வேண்டும் என்று வேட்டன் விடையிறுத்தான். "எம்மிடம் நாற்பதாயிரம் உண்டு, வா" என்றான் தூதன். "பதினைந்தாம் கவரோடு ஆள் தீர்ந்துவிடும், ஐயா. மிச்சம் ஐந்தும் குருட்டாம்போக்குத்தான். அத்தனை பேரையும் கொன்றபின்னும் கதவு திறக்காமலே போகலாம்" என்றான் வேட்டன். அவன் தரையில் கணக்கு வரைந்து காட்டக் குனிந்தபோது, மறுப்பைப் பொறாத நன்னாகன் வாளை உருவி அவன் வலக்கையை மணிக்கட்டோடு துணித்தான். எம் காவலர் தூதனின் துணைவர் நால்வரையும் அவ்விடத்தே கொன்றனர். தூதன் என்பதால் நன்னாகனை மட்டும் உயிரோடு விடுத்தோம். இவ்வோலையைச் சுமந்து வருபவன் அவனே.

ஆதலின் தேவியார் கட்டளை: கணியன் வாரான். அச்சுரங்கத்துக்கென்று தாங்கள் ஆள் திரட்டுவீராயின், தப்பி ஓடிவரும் ஒவ்வொருவனுக்கும் எம் எல்லைக் கணவாய் திறந்திருக்கும். துரத்தி வரும் வாளுக்கு மூடியிருக்கும். இது மாறாது.

அரக்கிட்டு முத்திரை பொறித்தது தேவியார் திருக்கை. சாட்சியாகக் கோணலாய்க் கீறப்பட்டுள்ள பெயர், கணியன் வேட்டன் இடக்கையால் முதன்முதலாய் எழுதியது.