பாலம் தாண்டிக் கதைப்பம்

பாலம் வரும்வரை எங்களை வாய் திறக்க விடாத என் ஆசை அண்ணைக்கு,

முதலில் சந்தோஷச் செய்தி. உங்கள் மகள் தர்சினிக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள்.

உங்கள் சட்டம் நினைவிருக்கிறதா? நாவற்குழிப் பாலத்துக்கு அங்கால் மாப்பிள்ளை பார்க்கப் போனால், திரும்பிப் பாலம் கடக்கும்வரை ஒருவரும் அபிப்பிராயம் சொல்லக்கூடாது. எங்கள் பெரியம்மா ஒருமுறை மாப்பிள்ளை வீட்டு வாசல் படலையடியில் நின்றே "பெடியனுக்குக் காது பெரிசு" என்று சொல்லி, அது உள்ளே கேட்டு, எல்லாம் குழம்பிய பிறகு நீங்கள் போட்டது. பாலம் கடந்ததும் வான் வண்டியின் முன்சீற்றில் இருந்து திரும்பி, "சரி, இனிக் கதையுங்கோ" என்பீர்கள். பிறகு வானுக்குள் மீன்சந்தை இரைச்சல்தான்.

இப்போது அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சாவகச்சேரிச் சந்தையில் கத்தரிக்காயைப் பார்த்து நான் முகம் சுளித்தால், உங்கள் மனைவி, என் மச்சாள், கையில் கிள்ளி "பாலம் தாண்டிக் கதைப்பம்" என்கிறா. பக்கத்து வீட்டாரும் அப்படித்தான். அவர்களுக்குப் பெரியம்மாவின் கதை எங்கே தெரியும்?

ஆனால் நீங்கள் கண்ணை மூடிய பின் தர்சினி ஒரு சம்பந்தத்துக்கும் இசையவில்லை. "அப்பா இல்லாமல் பாலத்தடியிலை ஆர் என்னைக் கேக்கிறது?" என்று ஒரே பிடிவாதம். போன ஞாயிறு ஒருமாதிரிக் கெஞ்சிக் கூத்தாடிக் கோண்டாவிலுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கூட்டிப் போனோம்.

திரும்பும்போது, பாலம் கண்ணில் படுகிற தூரத்தில் வான் ரயருக்குக் காற்றுப் போய்விட்டது. நல்ல வெயில். மச்சாளுக்குக் கதைக்க வாய் உன்னுகிறது, எனக்கும்தான். ஆனால் சட்டம் சட்டமல்லவா? தர்சினி சட்டென்று இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தாள். கோபமோ? இதுவும் வேண்டாம் என்கிறாளோ? மச்சாளின் முகம் செத்துப்போனது.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"மாமி, நான் பாலம் தாண்டீட்டன்."

"என்ன பிள்ளை?"

"எனக்கு ஓம், சம்மதம். அம்மாட்டைச் சொல்லுங்கோ." பிறகு அப்படியே உங்களைப் போல, "சரி, இனிக் கதையுங்கோ."

எங்கே கதைக்க முடிந்தது? நானும் மச்சாளும் தெருவோரத்தில் கட்டிப்பிடித்து அழுதோம், சிரித்தோம். வான்காரர் ரயரை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தையில் கலியாணம். நீங்கள்தான் எப்போதோ பாலம் தாண்டியாச்சே, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: இந்த மாப்பிள்ளைக்கும் காது கொஞ்சம் பெரிசுதான், அண்ணை. நல்ல பிள்ளை, விடுங்கோ.

அவளைக் கலியாணத்துக்குக் கூட்டிப் போகும் அன்று, பாலம் கடக்கும்வரை உங்களுடைய அந்த முன்சீற்றில் ஒருவரையும் இருக்க விடமாட்டேன். இது சத்தியம்.

வாய் மட்டும் பொல்லாத,
உங்கடை தங்கச்சி ராணி