கோல் கம்பத்தில் உடைத்த தேங்காய்

அன்புள்ள மச்சான்,

நீ போன இடத்தில் பனி இராது என்று நினைக்கிறேன். இங்கே லா ஷோ-து-ஃபோனில் சித்திரை பிறந்தும் கால்பந்து மைதானத்தின் ஓரங்களில் பனி கிடக்கிறது. நீ இருந்திருந்தால் அதை அள்ள என்னையும் இழுத்துக்கொண்டு போயிருப்பாய்.

ஒரு செய்தி சொல்லவேண்டும். நம் பழைய மைதானத்தில் ஆட்டம் பார்க்க உட்காரும் மர மேடையை இடித்துப் புதிதாகக் கட்டுவதா என்று நகரசபை வாக்கெடுப்பு வைக்கிறது. சுவிஸ் பாஸ்போர்ட் இல்லாத எனக்கும் ஊர் விசயத்தில் வாக்கு உண்டல்லவா? வாக்குச்சீட்டு தபாலில் வந்த அன்றே, இடிக்க விடமாட்டேன் என்று வீட்டில் குதித்தேன். நம் பாட்டன்மாரின் வயதடா அந்த மேடைக்கு. அதன் மூன்றாவது வரிசை மூலைதான் உன் இடம். அதை உடைப்பதற்கு நானே கையெழுத்து வைப்பதா?

நம் முதல் கோடைப் போட்டி நினைவிருக்கிறதா? கோல் காக்கப் போன நீ, தேங்காய் உடைக்கக் கல் கிடைக்கவில்லை என்று கோல் கம்பத்திலேயே ஓங்கி அடித்தாய். கம்பம் நெளிந்தது, தேங்காய் அப்படியே இருந்தது. மைதானக் காவலாளி பிரெஞ்சில் திட்டிய திட்டில் நாங்கள் மேடைக்குக் கீழே ஒளிந்தோம். ஆனால் அடுத்த வருடம் அந்த மனுசனே கோலுக்குப் பின்னால் ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து போட்டு, "இதில உடையுங்கோ, கம்பத்தை விடுங்கோ" என்று கையால் காட்டினார். எவ்வளவு நல்ல மனுசன்!

என் சத்தத்தைக் கேட்டு, உன் மனைவி, என் தங்கச்சி சுதா, கோபித்துக்கொண்டாள்.

"அண்ணை, உங்களுக்கு விசரோ? ஆரணி எங்க உடுப்பு மாத்திறவள் எண்டு தெரியுமோ?"

"ஏன், அங்க அறை இருக்குத்தானே?"

"இருக்கிற ஒரு அறையும் ஆம்பிளைப் பெடியளுக்கு. புதிசு கட்டினாத்தான் பொம்பிளைப் பிள்ளையளுக்கும் அறை. ஒருக்கா வந்து பாருங்கோ."

உன் மகள் ஆரணியும் இப்போது கோல்காரிதான். நீ விட்டுப் போன கையுறை அவளுக்குப் பெரிது. உள்ளே கம்பளிக் கையுறை ஒன்றைப் போட்டுக்கொண்டு அதை மாட்டுகிறாள்.

சனிக்கிழமை போனேன். உன் மூலையில், கூரைக்குக் கீழே சொகுசாக உட்கார்ந்திருந்தேன். வாகனத் தரிப்பிடத்தில் சுதாவின் கார் நின்றது. கண்ணாடிகளில் துவாய் தொங்கியது. உள்ளே பிள்ளை உடுப்பு மாற்ற, வெளியே உன் சுதா கதவுக்கு முதுகைக் கொடுத்து, ஆட்டி எடுக்கிற காற்றில் காவல் நின்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது மச்சான். அந்த மூலையில் நீ இருந்திருந்தால் ஒரு நிமிடமாவது இருந்திருப்பாயா?

வீட்டுக்கு வந்து சீட்டில், இடித்துக் கட்டட்டும் என்று, பிரெஞ்சில் "ஓம்" எழுதினேன். எழுதிவிட்டு அழுதேன், அது வேறு.

காவலாளியிடம் கல்லைக் கேட்டேன். "உங்கட கல்தானே, எடுங்கோ" என்றார். இப்போது அது என் பால்கனியில் இருக்கிறது. தூக்கிவந்ததில் பிடித்த இடுப்புப் பிடிப்புக்கும் நீதான் பொறுப்பு.

ஞாயிறு முடிவு தெரியும். வென்றால் புதிய கோலுக்குப் பின்னால் அந்தக் கல்லை வைப்பேன், ஆரணி தேங்காய் உடைப்பாள். தோற்றால், இனிச் சுதா அந்தக் காற்றில் தனியே நிற்கமாட்டாள். காரின் மற்றக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நான் நிற்பேன்.

உன் சுதாவின் அண்ணன்,
ஆரணியின் மாமன்.