தியாபின் கூடாரத்தில் கீழே வைத்த கோப்பை

அருமை மகன் ஹாயிலுக்கு, உன் வாப்பாவின் ஸலாம், வாப்பா சொல்லச் சொல்ல உன் அக்கா ஹுஸ்னா எழுதுவது. அல்லாஹ் அருளால் இங்கே நாங்கள் நலம், ஆடுகள் நலம், என் இடது முழங்கால் மட்டும் நலமில்லாமல் இருந்தது, போன வாரம் முதல் அதுவும் வலிக்க மறந்துவிட்டது, ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் சிரித்தே கெடுத்துவிடுவாய். அங்கே கனடாவில் பனி எப்படி? இங்கே ஜோர்தானிலும் அறுபது வருஷத்துக்கு முன்பு ஒரு வருஷம் பாலைவனத்தில் பனி கொட்டி ஆடுகள் நின்ற நிலையிலேயே விறைத்துப் போயின, அடுத்த வருஷம் ஒரு சொட்டு மழை இல்லை, வெட்டுக்கிளி வந்து இருந்த முள்ளையும் தின்றது, மஃப்ரக் சந்தையில் ஒட்டகத்தை ஆட்டு விலைக்குக் கேட்டார்கள், உன் பெரிய அத்தை அந்த வருஷம்தான் கல்யாணமாகிப் போனாள். அந்த வருஷம்தான் உன் பாட்டனார் ஸுவைலிம், தியாபின் தகப்பன் நாஹருடைய கூடாரத்துக்குப் போய் ஊற்றிய காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். நீ அங்கே காகிதக் கோப்பையில் குடித்துக் குடித்து நம் வழக்கத்தை மறந்திருப்பாய், ஆகவே சொல்கிறேன், கோப்பையைக் கீழே வைத்தால் விருந்தாளிக்குக் கேட்க ஒன்று இருக்கிறது, வீட்டுக்காரர் குடி என்றால் கேட்டது கிடைத்தாயிற்று, அதற்கு மேல் பேச்சில்லை. ஒட்டகங்களுக்குக் கிணற்றில் ஒரு முறை தண்ணீர், அவ்வளவுதான் உன் பாட்டனார் கேட்கப் போனது. நாஹர் வேறு யாரிடமோ குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார், குடி என்ற சொல் கடைசிவரை வரவில்லை, காப்பி ஆறியது, உன் பாட்டனார் எழுந்து வந்துவிட்டார். அன்று முதல் அந்த வீட்டுக் காப்பி நம் தொண்டையில் இறங்கவில்லை. நீ தியாபின் மகள் துர்ஃபாவைத்தான் கட்டுவேன் என்றபோது நானும் கூடாது என்று குதித்தேன், பிறகு நான் மனமிறங்கி இரண்டு முறை ஆள் அனுப்பியும் தியாப் முடியாது என்றுவிட்டான், தேர்தல் முடிந்ததும் அம்மானில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மகனுக்குப் பேசி முடிப்பதாக இருந்தான்.

எல்லோரும் பகிர்ந்த அந்தத் தேர்தல் கூடாரத்து வீடியோவை நீ நூறு தடவை பார்த்திருப்பாய், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்தது அதில் இல்லை. தியாப் பாராளுமன்றத்துக்கு நின்றான் அல்லவா, முன்பெல்லாம் நிற்கிறவன் கூடாரம் போட்டுக் குனாஃபா இனிப்பு கொடுப்பான், நாமும் தின்றுவிட்டு வேறு ஒருவனுக்கு ஓட்டுப் போடுவோம். இப்போது குனாஃபாவோடு நம் ஊர் ஃபேஸ்புக் குழுவிலும் தினமும் நேரலையில் உட்காருகிறார்கள். துர்ஃபாதான் போனைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் எழுதும் கேள்வியை வாசிப்பாள். அப்பப்பா, என்ன கேள்விகள்! போன தேர்தல்ல தோத்த மறுநாளே நம்பரை மாத்துனீங்களே, இந்தத் தடவை பழைய நம்பரா புது நம்பரா என்று ஒருவன். குனாஃபால சர்க்கரைப் பாகு பத்தல, உங்க ஆட்சியும் இப்படித்தானா என்று ஒருத்தி. தியாப் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டு, ஆச்சுன்னு வச்சுக்கோங்க, ஆச்சுன்னு வச்சுக்கோங்க என்பான். ரோடா, ஆச்சு. தண்ணி லாரியா, ஆச்சு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஹுஸ்னாவிடம் சொன்னேன், அவள் துர்ஃபாவிடம் சொன்னாள், துர்ஃபா, உன் வாப்பாவை வியாழக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வரச்சொல், முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். இதை நீ ஒருவரிடமும் சொல்லாதே.

போனேன். நம் குடும்பத்தில் ஒருவன் அந்தக் கூடாரத்தில் கால் வைத்ததும் எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். காப்பி ஊற்றினார்கள். கையில் வாங்கி, மெதுவாக, போனுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி கீழே வைத்தேன். தியாபுக்குக் கண் முழுக்கப் போனில் பறக்கிற இதயப் படங்கள் மேல். கோப்பையைக் கடைக்கண்ணால் பார்த்தான், இவர் பஸ் நிறுத்தம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பான், குடிங்க மாமா, கேட்டது ஆச்சுன்னு வச்சுக்கோங்க என்றான். ஒரே மடக்கு! அறுபது வருஷத் தாகம் மகனே. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, உன் பொண்ணு துர்ஃபாவ என் மகன் ஹாயிலுக்குக் கேட்டு வந்தேன் என்றேன். தியாபின் முகம் சுட்ட கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. குழுவில் கொட்டுகிறது பார், காப்பி உள்ள போயாச்சு, இனி வாந்தி எடுத்தாலும் செல்லாது என்கிறான் ஒருவன், வார்த்தைய காப்பாத்துனா எங்க வீட்டு ஓட்டு முழுக்க உங்களுக்குத்தான் என்கிறாள் ஒருத்தி. எல்லாவற்றையும் அந்தப் பெண் குரல் நடுங்காமல் வாசிக்கிறாள்! தியாப் அவளைப் பார்த்து, உனக்கு என்னம்மா சம்மதமா என்று கேட்டான். அப்போதுதான் படம் ஆடிக் கூடாரத்து மேல்துணி தெரிந்தது, நீ பார்த்திருப்பாய், குரல் மட்டும் வந்தது, வாப்பா, அடுத்த கேள்விய வாசிக்கவா, இல்ல இதுக்கு நானே பதில் சொல்லவா என்று. தியாப் சிரித்த சிரிப்பில் தலைத்துணி மேல் கட்டிய கயிறு கழன்று மூக்கில் விழுந்தது. கொடுத்தேன் என்றான். பெண்கள் பக்கம் குலவை போட்டதில் எனக்கு இன்னும் ஒரு காது கேட்கவில்லை. அவனை எதிர்த்து நின்றவனும் மறுநாள் நேரலையில் காப்பி ஊற்றப் போய், ஒருவன் லாரி கேட்டான், ஒரு கிழவன் இரண்டாம் பெண்டாட்டி கேட்டான், அதன் பிறகு தேர்தல் வரை அவன் கூடாரத்தில் தேநீர் மட்டும்தான்.

இனிச் சொல்வதுதான் வீடியோவில் இல்லாதது. தேர்தலில் தியாப் தோற்றுவிட்டான். இதயப் படம் அனுப்பியவர்களில் பாதிப் பேர் குவைத்திலும் துபாயிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இங்கே ஓட்டு ஏது. ஓட்டுக்காகக் கொடுத்த வார்த்தை ஓட்டோடு போய்விடுமே, நம்பரை மாற்றியவன் மகளையும் மாற்றிக் கொடுத்துவிடுவானே என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் அவன் கார் வாசலில் வந்து நின்றது. ஹுஸ்னா காப்பி ஊற்றினாள். குடிக்காமல் கீழே வைத்தான்! ஓட்டுக்கு நிக்கலேன்னாலும் நான் நாஹர் மகன்தான் மாமா, கொடுத்தது கொடுத்ததுதான், இப்ப நான் கேக்க வந்தது வேற என்றான். குடி என்றேன், என்னவென்று கேட்கவில்லை. குடித்துவிட்டுச் சொன்னான், அன்னிக்கு எங்க வாப்பா ஆறவிட்ட கோப்பைய நம்ம ரெண்டு வீட்டு ஆளுங்க முன்னாடியும் சூடா ஊத்தி, குடிங்கன்னு நான் சொல்லணும், அதைக் கண்ணால பாத்த ஒருத்தர் வாங்கிக் குடிக்கணும், அப்பத்தான் கல்யாணச் சாப்பாடு எனக்கு இறங்கும் என்று. நான் அழவில்லை, ஹுஸ்னா நடுவில் வாப்பா அழுதார் என்று எழுதினால் நம்பாதே.

நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் முன்பே வந்துவிடு, டிக்கெட்டை இன்றே போடு, தாடியை ஒழுங்கு செய், துர்ஃபாவுக்கு அந்த ஊர்க் குளிர்சட்டை வாங்கும்போது கை நீளம் பார்த்து வாங்கு. அல்லாஹ் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உங்கள் வீட்டில் எந்தக் கோப்பையும் ஆறாமல் இருக்கட்டும். அந்தக் கோப்பையைக் குடிக்க யார் இருக்கிறார்கள் என்று தியாப் கேட்டான். உன் பாட்டனார் இல்லை, நாஹர் இல்லை, குதிரை பேசியவர் இல்லை, காப்பி ஊற்றிய ஃபர்ஹூதும் போன குளிரில் போய்விட்டார். அன்று சிறுவனாகக் கூடாரத்து ஓரத்தில் ஒட்டகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் காப்பி ஆறுவதைப் பார்த்தவர்களில் இன்னும் மூச்சோடு இருப்பவன் ஒருவன்தான்,

உன் வாப்பா,
ஸுவைலிம் மகன் மிஃப்லிஹ்