காவல் மாறிய ஞாயிறு

நவம்பர் 10, திங்கள்

கல்லூரிக்குத் திரும்பினேன். அப்பா போய் ஒரு வாரம். எண்பத்து நான்கு வயது. யாருக்கும் அதிர்ச்சியில்லை, நான் உட்பட.

மாலையில் தாராவி சபையின் செயலர் ஜெபசிங் அண்ணாச்சி போன் செய்தார். முப்பதாம் தேதி நினைவு ஆராதனை. அப்பாவின் ஜீவிய சரித்திரத்தை யாராவது வாசிக்க வேண்டும்.

"நீதாம்மா எழுதணும். ஒத்தப் பிள்ளை, காலேஜ்ல பாடம் எடுக்கவ. ரெண்டு பக்கத்துக்கு மேல போவாம பாத்துக்கோ. பிரியாணி ஆறிரும்."

நான் சபைக்குப் போய்ப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அது அவருக்கும் தெரியும்.

நவம்பர் 13, வியாழன்

எழுத உட்கார்ந்தேன். அருமைநாயகம், சாத்தான்குளம் பக்கம். பதினேழு வயதில் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் வேலை. பிறகு பட்டாளம். எழுபத்தொன்றில் போர். மறுபடி தாராவி, வங்கியில் காவலாளி. ஐந்து வரிகளில் முடிந்துவிட்டது.

மீதி எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமை மாலையே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுவிடுவார். என்னோடு செம்பூருக்கு வந்துவிடுங்கள் என்றால், "ஞாயித்துக்கிழமை ரயிலை நிறுத்தி மெகா பிளாக் போடுவான், நான் எப்படிக் கோயிலுக்குப் போக?" என்பார். ஓர் ஆராதனையும் தவறியதில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் இறந்த ஞாயிறும் தவறவில்லை. அங்கே நான் மட்டும் இருந்தேன். இதை எப்படி எழுதுவது?

நவம்பர் 14, வெள்ளி

அப்பாவின் அறையை ஒழிக்கத் தாராவி போனேன். கீழே ஹமீது பாயின் பெல்ட் பட்டறை பூட்டியிருந்தது. ஜும்மா முடிந்து வந்து திறந்தார்.

"வெள்ளிக்கிழமைன்னா உங்க அப்பா வந்து உக்காந்துக்கிடுவாரு. நான் தொழுதுட்டு வர்ற வரைக்கும் அசைய மாட்டாரு. டீ குடுத்தா, டூட்டில குடிக்கப்படாதும்பாரு. இனிமே பூட்டிட்டுத்தான் போகணும்."

வயதானவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

எழுதியதை அண்ணாச்சிக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தார். "எல்லாம் சரி, சாட்சி எங்க?"

ஆண்டுக் கடைசியில் சபையில் எழுந்து அப்பா சொல்லும் சாட்சி. போரில் ஒரு ஞாயிறு, ஜெபத்துக்குப் போயிருந்தார், அவர் காவல் நிற்க வேண்டிய இடத்தில் குண்டு விழுந்தது, கர்த்தர் காத்தார். உடனே சபை முழுக்க "ஸ்தோத்திரம்!"

குண்டுக்கு ஞாயிறும் திங்களும் தெரியாது. 'என்று அவர் சொல்வார்' என்று முடித்துச் சேர்த்துவிட்டேன்.

நவம்பர் 22, சனி

ஆண்டுகளைச் சரிபார்க்கக் கல்யாண் போனேன். கணேசபாண்டியன் மாமா, அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர். மூட்டுவலியால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. வாசித்துக் காட்டினேன். குண்டு விழுந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அங்க நின்னது யாருன்னு போடலியே?"

எனக்குப் புரியவில்லை.

"காவலை விட்டுட்டு எவனாவது பாட்டுப் படிக்கப் போவானா? சலாவுதீன் நின்னான். மேலப்பாளையத்துக்காரன். 'நீ போயி ஓதிட்டு வாடே, வெள்ளிக்கிழமை எனக்கு நீ நில்லு'ன்னான். வெள்ளிக்கிழமைக்கு அவன் இல்ல."

"அப்பா ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே, மாமா."

"சொல்லத்தாம்மா வருசா வருசம் எந்திரிப்பான். கர்த்தர் காத்தார்ங்கிற வரைக்கும் வந்துருவான். ஒங்க ஆளுக ஸ்தோத்திரம்னு சத்தம் போட்டுருவாங்க. அதுக்குப் பொறவு எங்க சொல்ல? உக்காந்துருவான். எனக்குப் போன் போட்டு அழுவான்."

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அப்படியென்றால் அந்த ஞாயிறுகள் — இன்னொருத்தன் கொடுத்துவிட்டுப் போன நேரம். அதனால்தானா? அம்மா சாகும்போதுகூடவா? அம்மாவுக்கு இது தெரியுமா? சின்ன வயசிலேருந்து அந்தச் சாட்சியைக் கேட்டேனே, ஒரு நாளாவது அங்க யாருப்பா நின்னதுன்னு கேட்டேனா? எல்லாத்தையும் சந்தேகப்படறவளாம்!

குர்லாவில் இறங்க மறந்து தாதர் வரை போய்விட்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

சலாவுதீனைப் பற்றி அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"வேண்டாம்மா. கர்த்தர் அந்தப் பையனை ஏன் காக்கலன்னு எவனாவது கேட்டா பிரசங்கம் பண்ற ஐயர் என்ன சொல்வாரு?"

"நானும் அதைத்தான் கேட்கிறேன், அண்ணாச்சி."

"நீ கேப்ப. அதுக்கு உங்க அப்பா சாட்சிதான் கெடச்சுதா?"



நவம்பர் 26, புதன்

இரண்டு பக்கத்துக்குள் அடங்குகிறது. அம்மாவின் ஞாயிற்றைச் சேர்க்கவில்லை. அது சபைக்கு உரியதல்ல.

நவம்பர் 30, ஞாயிறு

வாசித்தேன். "கர்த்தர் காத்தார் என்று அவர் சொல்வார்" என்றதும் சபை ஸ்தோத்திரம் சொன்னது. அண்ணாச்சி சட்டென்று பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். நான் உட்காரவில்லை. சத்தம் அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். பிறகு அடுத்த வரி:

"அந்த நேரத்தில் அவருக்குப் பதிலாகக் காவல் நின்று இறந்தவர் மேலப்பாளையம் சலாவுதீன்."

ஸ்தோத்திரம் இல்லை. மின்விசிறிகளின் சத்தம்தான். கடைசி வரிசையில் ஹமீது பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாட்டுப் பந்தியில்தான் அருகே வந்தார். "அந்தப் பையனுக்கு அப்போ என்ன வயசும்மா?"

தெரியாது என்றேன்.

டிசம்பர் 5, வெள்ளி

அரை நாள் விடுப்பு. ஹமீது பாய் ஜும்மாவுக்குப் போனார். நான் பட்டறையில் இருந்தேன். ஒரு பெண் வந்து பெல்ட் விலை கேட்டாள். எனக்குத் தெரியாது, இருங்கள், தொழுதுவிட்டு வந்துவிடுவார் என்றேன். பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தது.

அவர் திரும்பி வந்த பிறகு குடித்தேன்.