சயாமிலிருந்து திரும்பியவர்

1946 ஆகஸ்ட் 7, புதன்

மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு. மலைக்காய்ச்சல் என்று பாதிப் பிள்ளைகள் வரவில்லை. ரேஷன் கடையில் அரிசி தீர்ந்துவிட்டதாம், கம்புதான் அளந்தார்கள்.

வைக்கோல் படப்புக்குள் இன்றும் ஒரு துணி முடிச்சு. உள்ளே சோறு, எறும்பு மொய்த்துக் கிடந்தது. எடுத்துக் கொட்டினேன். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் முகம் போன போக்கு - நான் ஏதோ பிள்ளையைத் தூக்கிக் கிணற்றில் போட்டதுபோல.

சித்திரையில் கப்பலில் வந்து இறங்கினார். அன்றிலிருந்து வீட்டுக்குள் படுப்பதில்லை, மாட்டுக் கொட்டத்தில்தான். அத்தைக்கு மகன் உயிரோடு வந்ததே போதுமென்று இருந்தது. முதல் மாதம் மட்டும்.

1946 ஆகஸ்ட் 11, ஞாயிறு

வருசநாட்டிலிருந்து அம்மா வந்தது. இரண்டு மாம்பழம் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, எப்போதும் கேட்பதையே கேட்டது.

"மாப்ள, நல்லகண்ணு எப்ப வாரேன்னான்?"

அவர் எழுந்து போய்விட்டார். பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு.

என் தம்பி நல்லகண்ணுக்கு அப்போது பத்தொன்பது வயது. மலாயாவில் ரப்பர்த் தோட்ட வேலைக்கு இவர் போனபோது, "மச்சான்கூட நானும் போறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றான். நான்தான் சட்டை தைத்துக் கொடுத்தேன். போனது இரண்டு பேர், வந்தது ஒருவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துப் போய்க் காவலில் வைத்திருந்தான் என்று கப்பலில் கூட வந்தவர்கள் சொன்னதோடு சரி. தம்பி எங்கே என்று கேட்டால் இவர் வாய் திறப்பதில்லை. சாமி கும்பிடும்போது அம்மா அவனை இருப்பவனாகச் சொல்லிக் கும்பிடுகிறது. நான் பேர் சொல்லாமல் கும்பிட்டுவிடுகிறேன்.

1946 ஆகஸ்ட் 26, திங்கள்

கடைத்தெருவில் போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதியிருக்கிறார், மாட்டுவண்டியை ஒதுக்க. இவர் நடுத்தெருவில் குத்தவைத்து, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டாராம். வண்டி போனபின்னும் எழவில்லை. சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள். ஆள் வந்து சொல்ல, பள்ளியிலிருந்து ஓடினேன். வேட்டி நனைந்திருந்தது.

துண்டை இடுப்பில் சுற்றிவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

1946 செப்டம்பர் 9, திங்கள்

பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். டாக்டர் பொறுமையாகத்தான் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே குழிவிழுந்த தழும்புகளைத் தொட்டுப் பார்த்து, "இது ஆறிவிட்டது" என்றார். தூக்கத்துக்கு மிக்சர் மருந்து கொடுத்தார். ஆறாததைப் பற்றி நான் கேட்டேன். "காலம் ஆகும் அம்மா. இதுக்கு எங்கிட்ட மருந்து இல்லை" என்றார். இருப்பதுபோல நடிக்காமல் சொன்னாரே, அதுவரை நல்லது.

1946 செப்டம்பர் 19, வியாழன்

அத்தையும் கொழுந்தனாரும் ஒரு முடிவோடு உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கே ஒரு கோயிலில் இப்படிப்பட்டவர்களைச் சங்கிலி போட்டு வைப்பார்களாம். ஒரு மண்டலத்தில் தெளிந்துவிடுமாம்.

"ஊரு சிரிக்குதுல்ல ராசமணி. எம் புள்ளைக்கு நல்லதுக்குத்தான சொல்றேன்" என்றார்கள் அத்தை. கண்ணெல்லாம் தண்ணீர்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அங்கன காவலுக்கு ஆளு நிப்பாகளா அத்தே?"

"நிப்பாக. பின்ன, ஓடிப்போனா?"

"அப்ப வேண்டாம். அப்படி ஒரு இடத்துல இருந்துதான் இவுக வந்திருக்காக."

கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் பேசியது சரியா? இன்னும் எத்தனை நாளுக்கு இப்படியே வைத்திருப்பேன்? தெரியவில்லை.

1946 செப்டம்பர் 28, சனி

சந்தை. அத்தைக்குச் சேலை பார்க்கப் போனேன். தரையில் விரித்துத் துணி விற்றுக்கொண்டிருந்த ராவுத்தர் எழுந்து நின்றபோது கைலி கொஞ்சம் தூக்கியது. காலில் அதே தழும்பு. அதே இடம், அதே குழி.

என்ன துணிச்சலோ, கேட்டுவிட்டேன். "நீங்க எங்கன இருந்தீக, சண்டைக் காலத்துல?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, உங்க வீட்டுலயும் சயாமுக்குப் போனவுக இருக்காகளா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அழுதுவிடுவேனென்று பயம்.

பெயர் சேக் பரீத். உத்தமபாளையம். பினாங்கில் ஜவுளிக்கடையில் இருந்தாராம். காசில்லாமல் சினிமாப் படம் காட்டுகிறோம் என்று ஜப்பான்காரன் கூப்பிட்டிருக்கிறான். கொட்டகைக் கதவைச் சாத்தி, வந்தவர்களையெல்லாம் லாரியில் ஏற்றி, சயாமில் ரயில்பாதை போடக் கொண்டுபோய்விட்டான். புளி விலை சொல்வதுபோல இதைச் சொன்னார்.

"அடுத்த சந்தைக்கு வாரப்ப வீட்டுக்கு வாரேன்" என்றார். நான் கேட்கவேயில்லை.

1946 அக்டோபர் 5, சனி

வந்தார். மாட்டுக் கொட்டத்து வாசலில் நின்று ஏதோ மலாயில் கேட்டார். இவர் தலை தூக்கினார். பதில் சொன்னார். அதே பாஷையில், ஒரே வார்த்தை. இந்த ஐந்து மாதத்தில் இவர் குரல் அவ்வளவு தெளிவாக வந்து நான் கேட்டதில்லை.

அப்புறம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். காப்பி கொடுத்தேன், குடித்தார்கள். மறுபடி சும்மா. ராவுத்தரின் துணி மூட்டை பிரிக்காமலே கிடந்தது. அன்றைய வியாபாரம் போச்சு.

கிளம்பும்போது வாசலில் கேட்டேன், "என்ன கேட்டீக அவுககிட்ட?"

"சாப்டியானு கேட்டேன். சாப்டேன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல டீச்சரம்மா. நீங்களும் கேக்காதீக. சோத்த ஒளிச்சு வச்சா எடுத்துக் கொட்டாதீக. நான் வந்த புதுசுல தலகாணிக்குள்ள ரொட்டி வச்சிருந்தேன்."

1946 அக்டோபர் 12, சனி

இன்றும் வந்தார்.

1946 அக்டோபர் 24, வியாழன்

தீபாவளி. வெடிச் சத்தம் ஆகாது என்று ராவுத்தர் முதல் நாளே வந்து இவரை உத்தமபாளையத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். அவர்கள் தெருவில் வெடி கிடையாது. அத்தைக்கு மனசில்லை. "நல்ல நாளும் அதுவுமா அடுத்தவுக வீட்டுலயா" என்று முனகிக்கொண்டே ஒரு தூக்குச் சட்டியில் பணியாரம் போட்டுக் கொடுத்தார்கள்.

வீடு வெறிச்சென்று இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

1946 நவம்பர் 16, சனி

இன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும். எழுத முடியுமா தெரியவில்லை.

சாயங்காலம் அவராகவே, "ஸ்டேசன் பக்கம் போவமா?" என்றார். இங்கே ரயில் நின்று நாலு வருஷம் ஆகிறது. சண்டைக்கென்று தண்டவாளத்தைப் பிடுங்கிப் போய்விட்டார்கள். மண்மேடும் ஜல்லியும்தான் கிடக்கின்றன. இவர் பஸ்ஸில் வந்து இறங்கியவர், அந்தப் பக்கமே போனதில்லை.

மேட்டின்மேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"பிடுங்கிட்டாகளா?"

"ஆமா."

"இத போடுறப்ப இங்கன யாரும் சாகலல்ல?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லங்க."

உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கேட்கக்கூடாது என்று ராவுத்தர் சொன்னது ஞாபகம் இருந்தது. கேட்கவில்லை. அவராகத்தான் ஆரம்பித்தார்.

"நல்லகண்ணுக்கு வாந்திபேதி. மழை நிக்காம பேஞ்சுக்கிட்டிருந்துச்சு. பேதி கண்டவுகளுக்குன்னு கடைசியில ஒரு கொட்டகை. அதுக்குள்ள போனவுக யாரும் திரும்ப மாட்டாக. காவக்காரன் என்னைய அவனத் தூக்கிட்டுப் போகச் சொன்னான். தூக்குனேன் ராசமணி. கோழிக் கனம்கூட இல்ல. வாசல்ல எறக்குனப்ப சட்டையப் புடிச்சுக்கிட்டான். 'மச்சான், இங்கன விட்டுட்டுப் போகாதீக'ங்கறான். பின்னால காவக்காரன் கழியோட நிக்கிறான். நான்தான்... நான்தான் அவன் விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டேன்."

ஒரு ஜல்லிக் கல்லை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"விடியக்காலம் கொட்டகைக்குத் தீ வச்சுட்டாக. அப்ப உசுரு இருந்துச்சா இல்லையா, நான் பாக்கல. பாக்கலயே. செத்துட்டான்னு உங்கம்மாகிட்ட எப்படிச் சொல்லுவேன்? இருக்கான்னு எப்படிச் சொல்லுவேன்?"

நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும். அந்தக் கையைப் பிடிக்க முடியவில்லை.

1946 நவம்பர் 18, திங்கள்

கடைசி வரிசையில் ஒரு பையன், சட்டையில் பொத்தான் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். பாடம் நடத்தவில்லை.

அவரிடம் பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறேன். அவர் மேல் தப்பில்லை. தெரியும். தெரிந்து என்ன செய்ய? என் தம்பி.

1946 நவம்பர் 23, சனி

ராவுத்தரோடு அவர் வீட்டம்மா மெகருன்னிசாவும் வந்திருந்தது. ஆண்கள் கொட்டத்துப் பக்கம் போனதும் அடுப்படிக்கு வந்து, என் முன்னாலிருந்த அரிவாள்மனையை நகர்த்தி வைத்துவிட்டு, வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தது.

"சொல்லிட்டாகளாக்கும்."

"ஆமாக்கா."

"எங்க வீட்டுலயும் ஒரு நா சொன்னாக. கேட்டதுலருந்து ஒரு வாரம் அவுக மொகத்துல முழிக்கப் புடிக்கல எனக்கு. யாருகிட்டச் சொல்ல? ஊருல எல்லாரும் அவுக நல்லாருக்காகளானுதான் கேட்டாக. நீ நல்லாருக்கியான்னு ஒருத்தரு கேக்கல."

பிறகு என்னைப் பார்த்து, "நீ அழுதியா தங்கச்சி?" என்றது.

சித்திரையிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொள்ளவில்லை. அரிசி உலை கொதித்து வழிந்து அடுப்பு அணைகிற வரைக்கும் அழுதேன். அது பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது.

1946 டிசம்பர் 3, செவ்வாய்

இன்று அவருக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன்.

1947 ஜனவரி 22, புதன்

தை அமாவாசை. சுருளிக்குப் போனோம். அருவிக்கரையில் கூட்டமான கூட்டம். அம்மாவையும் வரச் சொல்லியிருந்தோம். எதற்கென்று சொல்லவில்லை. ஆனால் பச்சரிசியும் எள்ளும் வாங்கினதைப் பார்த்ததும் அதற்குத் தெரிந்துபோயிற்று. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டது.

அவர் அம்மா காலடியில் உட்கார்ந்து சொன்னார். தூக்கிப் போனதை, இறக்கியதை, விரலைப் பிரித்ததை. தீயைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அம்மா அவர் பக்கம் குனிந்து கேட்டது.

"அந்தக் கொட்டகை வரைக்கும் நடந்தா போனான்?"

"இல்ல அத்தே. நான் தூக்கிட்டுப் போனேன்."

"தூக்கிட்டுப் போனியா." சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்தது. "சரி, எந்திரி. வெயிலு ஏறுது. செய்ய வேண்டியதச் செய்யி."

எள்ளும் தண்ணியும் இறைத்தார். தம்பி பேரை ஐயர் கேட்டபோது அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

1947 பிப்ரவரி 10, திங்கள்

கடலைக் காட்டுக்குக் கொழுந்தனாரோடு வேலைக்குப் போகிறார். தூக்கம் இன்னும் சரியில்லை. விசில் சத்தத்துக்கு இன்றும் உடம்பு தூக்கிப்போடுகிறது. ஆனால் உட்காருவதில்லை, நிற்கிறார்.

1947 மார்ச் 15, சனி

தேவாரம் ஊரிலிருந்து பாண்டியம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். சந்தையில் ராவுத்தர்தான் வீட்டைக் காட்டி விட்டிருக்கிறார். அவள் அண்ணன் பர்மாவில் இருந்து நடந்தே வந்தவனாம். வழியில் பெண்டாட்டி, பிள்ளை இரண்டு பேரையும் பறிகொடுத்திருக்கிறான். வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறான். இப்போது கஞ்சியும் இறங்குவதில்லை.

"உங்க வீட்டுக்காரக வந்து ஒரு வார்த்த பேசுனா..." என்று என்னிடம்தான் கேட்டாள், அவர் பக்கத்தில் இருக்கும்போதே.

"எனக்குப் பேசத் தெரியாதே தாயி" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்னா வந்து உக்காந்திருக்கேன்."

போகவிடலாமா? அவரே இன்னும் முழுசாக ஆறவில்லையே. அத்தையும் அதையே சொன்னார்கள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு பஸ் ஏறிவிட்டார்.

1947 மார்ச் 18, செவ்வாய்

இன்னும் வரவில்லை. சொல்லி அனுப்பவும் இல்லை. பள்ளியில் மனசு ஓடவில்லை.

1947 மார்ச் 20, வியாழன்

தேவாரம் பஸ் கண்டக்டரை மறித்துக் கேட்டேன். அந்த வீட்டு வழியாகத்தான் தினமும் பஸ் போகிறதாம்.

"பாத்தேனே டீச்சர். வாசல்ல ரெண்டு பேரும் உக்காந்திருந்தாக. பேச்சு ஒண்ணும் இல்ல. முன்னால ரெண்டு கிண்ணம் இருந்துச்சு."

"கஞ்சியா?"

"கஞ்சியாத்தான் இருக்கும். ரெண்டும் காலியா இருந்துச்சு."