தவளைக்கு ஐந்தாவது விரல்

18-9-1973, செவ்வாய்

பதினோராம் வகுப்புக்கு இன்று தவளை அறுத்துக் காட்டினேன். நெஞ்சைத் திறந்த பிறகும் இதயம் துடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து இரண்டு பெண்கள் அழுதார்கள். வருடா வருடம் இரண்டு பேராவது அழுவார்கள். நான் அழுவதில்லை. வீட்டுக்கு வந்து ஒருவேளை சாப்பாட்டை விட்டுவிடுவேன். சமணக் குடும்பத்துப் பெண் விலங்கியல் படித்தால் மனசாட்சியை இப்படித்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது. இது என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். "இன்னிக்குத் தவளையா?" என்று கேட்டுவிட்டு, எங்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் தாமே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

வராந்தாவில் ஒன்பதாம் வகுப்புக் குட்டிகள்: "ஏய், தவளை டீச்சர் வருதுடீ!" பத்தொன்பது வருடமாக இந்தப் பட்டம். இன்னும் காது கூசுகிறது.

பள்ளிக்குத் தவளை கொண்டுவரும் தணிகாசலம் ஈரக் கோணியை வைத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னான்: "இனிமே உங்களுக்கு ஒண்ணு ரெண்டு குடுக்கிறதே கஷ்டம் டீச்சரம்மா. மெட்ராஸ் கம்பெனிக்காரங்க மூட்ட மூட்டயா கேக்கிறாங்க. வெளிநாட்டுக்காரங்க திங்க காலு மட்டும் கப்பல்ல போவுதாம்." காஞ்சிபுரத்தைச் சுற்றி ஐயம்பேட்டையிலும் ஓரிக்கையிலும் இப்போது அவன் ஆட்கள்தான். காலை பஸ்ஸின் கூரையில் கோணிகள் சொட்டிக்கொண்டு போவதை நானும் பார்க்கிறேன்.

ஆசிரியர் அறையில் சொல்லிப் புலம்பினேன். தவளை போனால் பூச்சியும் நண்டும் பெருகும், வயலில் விஷமருந்து அடிப்பார்கள், அது கிணற்றுக்கு வரும் என்றேன். பத்திரிகைக்கு மூன்று கடிதம் எழுதி ஒன்றும் வரவில்லை என்பதையும் சொன்னேன். எல்லோரும் டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்கள். புதிதாக வந்த டிராயிங் டீச்சர் தேவகி மட்டும் உட்கார்ந்திருந்தாள். "அப்பறம் இன்னா ஆவும்க்கா?"

23-9, ஞாயிறு

தேவகியைத் திருப்பருத்திக்குன்றத்துக்கு, எங்கள் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அவள் கூரை ஓவியங்களை விட்டு நகரவில்லை. கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "ஒரு கட்டம் முடிஞ்சி இன்னொரு கட்டம். பாத்துக்கினே நடந்தா கதை நம்ம கூடவே வருதுக்கா" என்றாள்.

சிறு வயதிலிருந்து அந்தக் கூரையின் கீழ் நின்று கும்பிடுகிறேன். கதை என்கூட ஏன் வரவில்லை?

5-10, வெள்ளி

தேவகி குடியிருக்கும் வீட்டில் தறி ஓடுகிறது. டிசைன் மாறியதும் கழற்றிப் போட்ட, சேலையில் பூ விழவைக்கும் பழைய ஜக்கார்டு அட்டைகளை வாங்கி வந்திருக்கிறாள். முழ நீளம், நாலு விரல் அகலம், உடம்பெல்லாம் ஓட்டை. ஒன்றோடொன்று நூலால் கோத்தது. அந்தச் சரத்தில் தவளையின் வாழ்க்கையை வரைந்திருக்கிறாள். இரண்டு பெண்கள் கழியில் போட்டு இழுக்க, அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. குளம். முட்டை. தலைப்பிரட்டை. பின்கால், முன்கால். வால் போய்ப் பச்சைத் தவளை, வரப்பில் உட்கார்ந்து பூச்சியை விழுங்குகிறது. பிறகு கோணி. பிறகு பூச்சியும் நண்டும் மட்டும். கடைசி அட்டைகளில் ஒன்றுமே இல்லை, வெறும் ஓட்டைகள்.

முட்டைகளை அவள் வரையவே இல்லை. அட்டையின் ஓட்டைகளை அப்படியே விட்டுவிட்டாள். ஜன்னல் வெயில் அதன் வழியாக வந்தபோது குளத்தில் முட்டைகள் மினுங்கின.

பள்ளிக்கூடமே கூடிவிட்டது. தலைமையாசிரியை தேவகியின் தோளில் கை வைத்தார். என் தோளில் இதுவரை வைத்ததில்லை.

அவள் பெண்களுக்குச் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் என்னுடையது. என் வாயில் பாடமாக இருந்தது அவள் வாயில் கதையாக இருந்தது.

6-10, சனி

அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

14-10, ஞாயிறு

ஐயம்பேட்டைச் சந்தை. தேவகி கூப்பிட்டாள் என்று நானும் போனேன். எதற்குப் போனேன்? கழியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள.

அங்கம்மாள் என்று ஒருத்தி. ஏரிக்குக் கீழே சொந்தமாக முக்கால் காணி பயிர் வைப்பவள். கூடையை இறக்கிவைத்துவிட்டு மூன்று தடவை படத்தைத் திருப்பி ஓட்டச் சொன்னாள். "அதான் பார்த்தேன்! போன வருஷத்துலேர்ந்து என் வரப்பெல்லாம் நண்டு வளை. தண்ணியே நிக்கல. எம் புருசன் குடிச்சிட்டு மடைய சரியா கட்டலன்னு அந்தாள தெனம் திட்டிக்கினு இருந்தேன்!" கூட்டம் சிரித்தது. புருஷன் பக்கத்தில்தான் நின்றான். "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றான்.

சந்தையில் இதுதான் பேச்சு. பஞ்சாயத்துத் தலைவர் ராமலிங்கம் ஏரியைத் தவளை பிடிக்கக் குத்தகைக்கு விடப்போகிறார். எடுக்கப் போவது தணிகாசலம். நவம்பர் நாலாம் தேதி ஊர்க்கூட்டத்தில் முடிவு. படத்தை அங்கே கொண்டுவரச் சொன்னார்கள்.

திரும்பும்போது குழந்தைகள் பஸ் வரை ஓடி வந்தன. "தவளை டீச்சர்! தவளை டீச்சர்!" நான் திரும்பிப் பார்த்தேன். அவளைக் கூப்பிட்டார்கள்.

எனக்குப் பிடிக்காத பட்டம்தானே அது. யாராவது எடுத்துக்கொண்டால் நிம்மதி என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன்? எடுத்துக்கொண்டாள். என்மேல் எறிந்தார்கள், அவளுக்குச் சூட்டுகிறார்கள். என் தவளை, என் பத்தொன்பது வருடம் - பேரும் போச்சா?

16-10, செவ்வாய்

படம் என் ஆய்வறையில்தான் இருக்கிறது. சுவரில் ஈரம் ஏறாத இடம் என்று தேவகி வைத்திருக்கிறாள். யாரும் இல்லாதபோது பிரித்துப் பார்த்தேன். எதைத் தேடினேன் என்று இங்கேயாவது உண்மையைச் சொல்கிறேன். குறை தேடினேன்.

கிடைத்தது. வரப்பில் உட்கார்ந்திருக்கிற பெரிய தவளை. முன்காலில் ஐந்து விரல்.

தவளைக்கு முன்காலில் நாலு விரல்தான். பின்காலில்தான் ஐந்து. எங்கிருந்து பிடித்தாள் ஐந்தை என்று யோசித்தேன், புரிந்தது. சின்னக் காஞ்சிபுரத்துக்காரி. வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுத் தொட்டு வளர்ந்தவள். பல்லிக்கு ஐந்து. அந்தப் பாதத்தைத் தூக்கித் தவளைக்கு வைத்துவிட்டாள்.

அட்டையை மடித்து வைத்தேன். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

17-10, புதன்

சொல்லவில்லை.

25-10, வியாழன்

தீபாவளி. எங்களுக்கு மகாவீரர் மோட்சமடைந்த நாள். விடிகாலையில் விளக்கேற்றிவிட்டு வந்து உட்காருவதற்குள் தேவகி அதிரசத்தோடு வந்தாள். படத்தையும் தூக்கி வந்திருந்தாள்.

"அக்கா, கூட்டத்துக்கு முன்னாடி ஒரு தடவை நல்லா பாத்துடுங்க. நான் கண்ணால பாத்ததை வரையறவ. நீங்க படிச்சவங்க. தப்பு எதுனா இருக்குதா?"

கூடத்தில் நீளமாக விரித்தாள். நான் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தேன். அந்த விரல் மேல் என் கையே பட்டது.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றேன்.

அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். அதிரசத்தை என் வாயில் ஊட்டினாள்.

அவள் போன பிறகு இவர், "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்றார். "தித்திப்பு அதிகம்" என்றேன். இதே நாளில்! ஓர் எறும்பை மிதிக்காமல் நடக்கத் தெரிந்த எனக்கு -

கூட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? தெரிந்தால்தான் என்ன, ஒரு விரல். சின்னதாக ஒரு தலைக்குனிவு. அவ்வளவுதானே நான் கேட்பது?

4-11, ஞாயிறு

மாலை நாலு மணிக்குக் கூட்டம், பஞ்சாயத்து ஆபீஸ் முற்றத்தில். தேவகி படத்தை ஓட்டினாள். ஊர் வாயைப் பிளந்து பார்த்தது. ராமலிங்கம்கூட நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தணிகாசலம் பின்னாலிருந்து எழுந்து வந்தான். படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்தான். விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினான், சத்தமாக. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சு! தலைவரே, நான் பதினஞ்சி வருஷமா தவள பிடிக்கிறேன். முன்னங்கால்ல அஞ்சு வெரல் வெச்ச தவளய இன்னிக்குத்தான் பாக்கிறேன். இது இன்னா தவளயா, பல்லியா? தவளயவே பாக்காத அம்மா, தவளைக்கு வக்கீலா வந்துக்கினு இருக்குது!"

சிரிப்பு. அடங்கவே இல்லை. சந்தையில் கை தட்டினவர்களும் சிரித்தார்கள். "அப்போ பூச்சி, நண்டு கதையும் இப்படித்தானா?" என்று யாரோ கேட்டார். ராமலிங்கம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சின்னதாக இல்லை. தேவகி என்னைத்தான் பார்த்தாள். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. உதவிக்குக் கூப்பிடும் பார்வை. அதுதான் தாங்கவில்லை.

எழுந்தேன். "படத்தைச் சரிபார்த்தவள் நான். தப்பு என்னுடையது. மற்றதெல்லாம் உண்மை" என்றேன்.

தணிகாசலம் நிஜமாகவே திகைத்துப்போனான். "நீங்களா டீச்சரம்மா? நான் குடுக்கிற தவளய வருஷா வருஷம் அறுக்கிறவங்களாச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

அவன் கேலி செய்யவில்லை. மரியாதையோடுதான் கேட்டான்.

"தெரியும்" என்றேன். "பார்த்தேன். சொல்லவில்லை."

தேவகி தலையைக் குனிந்துகொண்டாள்.

அங்கம்மாள் எழுந்து முன்னால் வந்தாள். "படிச்சவங்க சண்டைய பள்ளிக்கூடத்துல வெச்சுக்கங்கம்மா. வெரலு நாலா இருந்தா இன்னா, நாப்பதா இருந்தா இன்னா? என் வரப்புல நண்டு ஏறிச்சா இல்லியா? யாரு வரப்புல ஏறல, கைய தூக்குங்க பாக்கலாம்!" ஒரு கையும் எழவில்லை. அவள் புருஷன் மட்டும் பழக்க தோஷத்தில் பாதி தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டான்.

ராமலிங்கம் இந்த மழைக்குக் குத்தகை வேண்டாம், அறுப்பு முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று முடித்தார். ஏரி இப்போதைக்குத் தப்பியது. என்னால் இல்லை. என்னையும் மீறி.

பஸ்ஸில் தேவகி வேறு வரிசையில் உட்கார்ந்தாள். வீடு சேரும்போது இருட்டிவிட்டது, சாப்பாடு இல்லை. இன்றைக்குத் தவளையா என்று இவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

5-11, திங்கள்

"குட் மார்னிங் டீச்சர்" என்றாள். "அக்கா" போய்விட்டது.

19-11, திங்கள்

நல்ல மழை. மத்தியானம் டிராயிங் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பொறாமை என்ற சொல்லையே சொன்னேன். அவள் தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"என்னை மட்டம் தட்டணும்னா ஸ்டாஃப் ரூம்ல தட்டியிருக்கலாமே டீச்சர். அங்கம்மா வயலை வெச்சா?"

அவள் கேள்வியை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.

28-11, புதன்

இன்னொரு பிரிவுக்குப் பாடம். தணிகாசலத்திடம், "ஒன்று கொண்டு வா, சாயங்காலம் எடுத்த இடத்திலேயே விட்டுவிடு" என்றேன். "வாடகைத் தவளயா டீச்சரம்மா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் கொண்டுவந்தான்.

கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பெண்களை வரையச் சொன்னேன். விரலை எண்ணிவிட்டு வரையுங்கள் என்றேன். "நாலு டீச்சர்!" என்று கத்தினார்கள். கதவருகே தேவகி நின்றிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். தொட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்று சாப்பிட்டேன்.

3-12, திங்கள்

ஒரு பெண் வந்து என் மேஜையில் அந்தப் பெரிய தவளை அட்டைகளையும், ஒரு மெல்லிய தூரிகையையும், கிண்ணத்தில் வரப்பு நிறச் சாயத்தையும் வைத்தாள். "தேவகி டீச்சர் குடுத்தாங்க. நீங்களே அழிக்கணுமாம்."

ஒரு விரலை அழிக்க முக்கால் மணி நேரம். சாயம் காய்ந்த பிறகும், அட்டையைச் சாய்த்துப் பிடித்தால் பழைய விரல் தெரிகிறது. அவளிடம் காட்டினேன். சாய்த்துப் பார்த்தாள். "தெரியட்டும்" என்றாள்.

9-12, ஞாயிறு

ஓரிக்கையில் படம் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். தேவகி ஒரு முனை, நான் ஒரு முனை. பேருந்து நிலையத்தில் கூட்டம். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு சத்தம் போட்டார்: "வழி விடுங்கப்பா! தவளை டீச்சருங்க ரெண்டு பேரும் ஏறட்டும்!"

தேவகி சிரித்துவிட்டாள். "ஏறுங்கக்கா" என்றாள்.

ஏறினேன். கண்டக்டர் முதலில் அவளைப் பார்த்துத்தான் சொன்னார். கவனித்தேன்.