இருபதாவது ஆட்டம்

பாய்,

அடுத்த வாரப் போட்டிக்காகச் சதுரங்கக் காய்களை எடுத்தேன். நீங்கள் தைத்த தோல் பையைத் திறந்ததுமே உங்கள் வாணியம்பாடி தோல் மண்டியின் வாசனை. மூன்று முறை எண்ணியும் கணக்கு சரிவரவில்லை. மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

வெட்டிய காயை நம் காயாகவே மறுபடி பலகையில் இறக்கும் அந்த மாற்றுச் சதுரங்கத்துக்கு நாம் இருவரும்தான் போட்டி நடத்தினோம், ரேட்டிங் பட்டியல் போட்டோம். சென்ற ஆண்டு தொடக்கத்தில் ஆலங்காயத்தில் நடந்த போட்டிக்கு, சாமை அறுவடையை முடித்துவிட்டு ஜவ்வாது மலையிலிருந்து செல்வி வந்தார். ஐந்து ஆட்டத்திலும் வென்றார். கடைசியாகத் தோற்றது பட்டியலில் முதலிடத்தில் இருந்த நீங்கள். ஆனால் இருபது ஆட்டம் ஆடாதவர் பெயர் பட்டியலில் ஏறாது. பட்டியலில் இல்லாதவர் மாநிலப் போட்டிக்குப் போக முடியாது. நான் எழுதிய விதி.

"மலைக்கு ரெண்டே பஸ்ஸு. இருவது ஆட்டத்துக்கு அவங்க எப்பிடி வருவாங்க?" என்று பேருந்து நிலையத்தில் கேட்டீர்கள்.

"இவங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க, பாய்."

"கேக்கட்டுமே. இன்னா கெட்டுப்போச்சு?"

பஸ் ஏறினேன். அதன்பின் நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து உங்கள் மரணச் செய்திதான் வந்தது.

நாற்பதாம் நாள் உங்கள் மனைவி ஒரு நோட்டைக் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம ஆனா மலைக்குப் போய்ட்டு வருவாரு. முடிச்சதும் உங்ககிட்ட காட்டணும்னு சொல்லிக்கினு இருந்தாரு."

உள்ளே நீங்களும் செல்வியும் ஆடிய பதினான்கு ஆட்டங்கள், நகர்வு நகர்வாக. பட்டியலில் உள்ளவரோடு ஆடி எழுதிவைத்தால் எந்த ஆட்டமும் கணக்கில் சேரும். ஆலங்காயத்தில் அவர் ஆடிய ஐந்தோடு பத்தொன்பது. என் விதியை நீங்கள் மீறவே இல்லை. என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாளே மலையேறினேன். "பாய் ஏன் வர்றதே இல்லீங்க?" என்று கேட்டார் செல்வி. சொன்னேன். உள்ளே போனார். பிறகு பலகையை எடுத்து வந்தார்.

"இன்னும் ஒண்ணுதான்னு சொல்லிட்டுப் போனாருங்க."

ஆடினோம். தோற்றேன். அவர் பெயர் பட்டியலில் ஏறியது.

இருபதை இப்போது ஐந்தாகக் குறைத்துவிட்டேன். ஆனால் ஓராண்டு ஆடாதவர் பெயரை நீக்க வேண்டும் என்பதும் நான் எழுதிய விதிதான். உங்கள் கெடு போன மாதமே முடிந்துவிட்டது. செல்விக்கு அடுத்து இரண்டாவதாக நிற்கிறது உங்கள் பெயர். அதை அழிக்கக் கை போகிறது, எடுத்துக்கொள்கிறேன். ஏன் இன்னும் நீக்கவில்லை என்று ஆட்டக்காரர்கள் கேட்கிறார்கள்.

"நாளைக்கு எடுத்துடுறேன்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாய்.